மலையை வலக்கைப் பக்கம் வைத்து

எண்பதுகளின் நடுவில், லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலிருந்த அறையில், என் உள்ளங்கால் குறுகுறுக்கத் தொடங்கியது. கீழே பகல் முழுக்க ஆட்கள் தாலிக்கொடி பார்ப்பார்கள். மேலே நான் யன்னலில் நின்று தெருவைப் பார்ப்பேன். சிவப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, பெருமூச்சு விட்டு, போய்க்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்றில் ஏறிவிட வேண்டும் போலிருக்கும். எங்கே போகிறது என்று நெற்றிப் பலகையைப் பார்க்கக்கூடத் தோன்றாது. ஏற வேண்டும், அவ்வளவுதான்.

கலியாணம் பதிந்த கையோடு அந்த அறைக்கு வந்தவர்கள் நாங்கள். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். இரண்டு வீட்டாரும் கோபத்தில் இருந்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட அவருடைய சிநேகிதர்கள்தான் வந்தார்கள். எங்கள் குசினிச் சுவரில் ஒரு பக்கம் பிள்ளையார் படம், எதிர்ப்பக்கம் மாதா படம். வாடகைக்கு விட்ட அம்மா வரும்போதெல்லாம் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். "இவை ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டு எப்பிடிப் பிள்ளை சமைக்கிறாய்?" என்று ஒருநாள் கேட்டார். பகிடிதான். நானும் சிரித்தேன். அந்தக் கிழமை முடியுமுன்னே பெட்டி கட்டினேன்.

பிறகு வோல்தம்ஸ்ரோ. பிறகு டூட்டிங். பிறகு மிச்சம் என்கிற ஊர். ஒரு வீட்டில் ஈரம், ஒரு வீட்டில் மேல்மாடிக்காரனின் நாய், ஒரு வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதுச் சுவரின் மணம் மூக்குக்குப் பழகியதும் குறுகுறுப்புத் திரும்பி வந்துவிடும். வேலைகளும் அப்படியே. ரெயில்வே நிலையத்துப் பூக்கடை, சலவைக்கடை, பிறகு ஒரு பெரிய கடையில் காசு வாங்கும் மேசை. சொந்தக்காரர் வாயில் எனக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம்.

இவர் பஸ் ஓட்டினார். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தும் அசையாத மனிதர். ஒரே பாதையில் போய், ஒரே பாதையில் திரும்பி, ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் ஒன்றையொன்று ஒட்ட வைத்தாரென்றால் உலகம் அன்றைக்கு முடிந்தது. நான் கட்டிய பெட்டிகளையெல்லாம் அவர்தான் தூக்கினார். ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

மிச்சம் வீட்டில் இருந்தபோதுதான் என்னைப் பெற்ற ஐயா ஊரில் இறந்த செய்தி வந்தது. போரில் பாதைகளெல்லாம் பூட்டியிருந்த காலம். செய்தி எங்களை வந்து சேர்வதற்குள் அங்கே எரித்து, சாம்பலும் அள்ளி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடித்துவிட்டார்கள். எனக்குச் செய்ய ஒன்றும் மீதமில்லை. அழுவதற்குக்கூட ஒருவரும் பக்கத்தில் இல்லாத பகல் நேரம். வெளியே போய் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது முடிகிற இடம் வரை போனேன். இறங்கி, மறுபடி ஏறித் திரும்பினேன். அதற்குப் பிறகு குறுகுறுப்பு உள்ளங்காலில் நிற்கவில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறியது. இருந்தால் எழும்ப வேண்டும். எழும்பினால் நடக்க வேண்டும். நடந்தால் திரும்பாமல் நடக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் இவர் மோர்டனில் ஒரு வீடு பார்த்தார். வாடகைக்கு அல்ல, வாங்குவதற்கு. வரிசை வீடுகளில் கடைசி வீடு. பின்னால் ஒரு ஒடுங்கிய தோட்டம். இரண்டு தரம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு தரமும் வாசலில் நின்று, நல்ல வீடுதான் என்றேன். என்னை அச்சுறுத்தியது வீடல்ல. மோர்டனோடு பாதாள ரயில் முடிந்துவிடுகிறது. வரைபடத்தின் கறுப்புக் கோடு வடக்கிலிருந்து லண்டன் முழுவதையும் குடைந்துகொண்டு வந்து அங்கே நின்றுவிடும். எல்லோரும் இறங்கவும் என்று ஒரு குரல் சொல்லும். எல்லோரும் இறங்குவார்கள். இனிப் போக இடமில்லாத ஓர் ஊரில், சொந்தப் பெயரில், சாகும்வரைக்குமான ஒரு கதவு.  ரொறன்ரோவிலிருந்து என் தங்கை ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிட்டாள். இங்கே வா, இங்கே எல்லாம் பெரிசு, வானமும் பெரிசு என்றாள்.

இவர் மறுமொழி கேட்பார். யோசிக்கிறேன் என்பேன். இன்னொரு குடும்பமும் அந்த வீட்டைப் பார்த்துப் போயிருந்தது.

அந்த வருடம்தான் எங்களுக்குப் பிரித்தானியப் பாஸ்போட் கிடைத்திருந்தது. அது வந்ததிலிருந்து மேசை லாச்சியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடைய பஸ் கராஜில் வேலைசெய்கிறவர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு கிழமை எங்காவது மலிவாகப் போய் நடப்பார்கள். அந்த முறை ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்று. எரிமலைத் தீவு. எங்களையும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். எனக்குச் சந்தோஷம். எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவருமே இல்லாத, தொலைபேசியில் ஒருவரும் அழாத ஓர் ஊர். அங்கே போன முதல்நாள், கடற்கரையில் கறுப்பு மணலைப் பார்த்து நான் நின்றபோது, இவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்சாரும். வாற திங்கக்கிழமை வீடு விக்கிறவைக்கு நான் ஒரு முடிவு சொல்லோணும். அதுக்கு முதல் எனக்கு உம்மடை முடிவு தெரியவேணும். ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அந்த ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? மலை நடை முடிவதற்குள் சொல்கிறேன் என்றேன்.

அந்த நடை கடைசிக்கு முதல்நாள். கோச் பஸ் வாழைத்தோட்டங்களைக் கடந்து, வளைந்து வளைந்து மேலே ஏறி, மேகத்துக்குள் புகுந்து, அதையும் தாண்டி வெளியே வந்தது. பைன் மரக் காடு. இறங்கியதும் மண் காலடியில் கறுமுறு என்றது. மண்ணே அல்ல அது. பொரித்துக் கொட்டியதுபோன்ற கறுப்புச் சாம்பற்கல். எதிரே ஒரு மலை, பெரிதில்லை. எப்போதோ வெடித்து ஓய்ந்தது. அதைச் சுற்றி ஒரு நடைபாதை. தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். கஷ்டமுமில்லை, லேசுமில்லை என்று வழிகாட்டியாக வந்த தீவுக்காரப் பெண் சொன்னாள். கழுத்தில் விசில் தொங்கியது. எல்லோரும் உரமான பூட்ஸ் போட்டிருந்தார்கள். இவர் மட்டும் பஸ் ஓட்டுகிற கறுப்புச் சப்பாத்தில், மினுக்கி, வந்திருந்தார்.

கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பெண் விசில் ஊதி, கையை நீட்டி, எல்லோரையும் வலப்பக்கப் பாதைக்குத் திருப்பினாள். அந்தப் பக்கம் முதலில் நிழல், ஏற்றமும் மெதுவாக வரும் என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். என் கால் திரும்பவில்லை.

"என்ன, சப்பாத்துக்கை கல்லோ?" என்றார் இவர்.

"இல்லை. இதாலை போனால் மலை இடக்கைப் பக்கம் வரும்."

"வந்தால் என்ன?"

"நான் அப்பிடிச் சுத்தமாட்டன்."

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது கோயிலில்லையப்பா. எரிஞ்சுபோன மலை."

"எரிஞ்சதை இடக்கைப் பக்கம் வைச்சுச் சுத்துறது எதுக்கெண்டு உங்களுக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியாதுதான். அவர்களுடைய மாதா சுருவத்தைத் தூக்கிச் சுற்றி வருகிற பாதைக்கு அந்தக் கணக்கு இல்லை. எங்களுக்கு, சாமியை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவது. மாறிச் சுற்றுவது செத்த வீட்டில். கிடத்தியிருக்கிற உடலைச் சுற்றி வாய்க்கரிசி போடும்போதுதான் எல்லாம் மறுபக்கமாகத் திரும்பும். சின்ன வயதில், விளையாட்டுக்குக் கிணற்றை இடப்பக்கமாகச் சுற்றியதற்கே அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். லண்டனுக்கு வந்து எவ்வளவையோ விட்டாயிற்று. வெள்ளிக்கிழமை மச்சமும் இறைச்சியும் சாப்பிட்டாயிற்று. இது மட்டும் காலுக்குள் இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

"பிள்ளையாருக்கு விளக்கு வைக்கவே மறந்துபோற மனுசி, ஸ்பெயின்காரன்ரை மலைக்குச் சாத்திரம் பாக்கிறா" என்றார்.

கோபம் வந்தது. "நீங்கள் அவையளோடை போங்கோ. நான் மற்றப் பக்கத்தாலை வாறன். வட்டம்தானே. அங்காலை, மலைக்குப் பின்னாலை சந்திப்பம். அதிலை வைச்சு மறுமொழியும் சொல்லுறன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விசில் ஊதியது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். முட்டைப் பொரியல் வைத்த பாண் பொதி என் பையில், தண்ணீர்ப் போத்தல் அவர் கையில் என்பது பாதை வளைந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் திரும்பிப் போகவில்லை. திரும்பிப் போவது என் பழக்கத்தில் இல்லை.

தனியே நடந்தேன். ஆஹா, என்ன நடை அது! மலை என் வலத்தோளுக்கு மேல், ஒரு பெரிய மிருகம் முதுகைக் காட்டிப் படுத்திருப்பதுபோல. இடப்பக்கம் உறைந்த நெருப்பு. ஒருகாலத்தில் ஓடிய குழம்பு ஓடினபடியே நின்றுவிட்ட வெளி. அலை, அலைக்கு மேல் அலை, எல்லாம் கல். கற்களில் சாம்பல் பச்சையாய்ப் பாசி. பைன் மரங்களின் அடி கரிந்திருந்தது. அந்தக் கரியைப் பிளந்துகொண்டு தண்டிலிருந்தே இளம்பச்சை ஊசிகள் குபுகுபு என்று கிளம்பியிருந்தன. ஒரு மனிதக் குரலும் இல்லை. கறுமுறு, கறுமுறு. என் காலுக்கு அன்றைக்குத்தான் தீனி கிடைத்தது.

நடந்துகொண்டே மறுமொழியைச் சொல்லிப் பார்த்தேன். ஓம் என்று ஒரு தரம். தொண்டைக்குள் கதவு சாத்துகிற சத்தம். இல்லை என்று ஒரு தரம். அது சுலபமாக வந்தது, எச்சில் போல வந்தது. இல்லை, எனக்கு அந்த வீடு வேண்டாம், ரொறன்ரோவுக்குப் போவோம், அங்கிருந்து வேறெங்காவது போவோம். இன்னும் பாஸ்போட்டில் வெறும் பக்கங்கள் எத்தனை இருக்கின்றன! அவர் முகம் எப்படி மாறும் என்றும் நினைத்துப் பார்த்தேன். மாறாது. சப்பாத்தைக் கழற்றி ஒட்ட வைத்துவிட்டு, அதற்கென்ன என்பார். தீர்ந்தது. இல்லை என்றே சொல்வது என்று முடிவு கட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன்.

கீழே நாங்கள் கடந்து வந்த மேகம் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மரங்களுக்கிடையில் பால் கரைத்து ஊற்றியதுபோல வந்தது. மழையே இல்லை, ஆனால் ஒவ்வொரு மரத்தின் கீழும் மட்டும் சொட்டுச் சொட்டாக மழை. ஊசி இலைகள் மேகத்தைப் பிழிந்துகொண்டிருந்தன. வலப்பக்கம் மலை இருக்கிறது என்பது நம்பிக்கை மட்டுமாகப் போயிற்று.

மலையின் பின்பக்கம் அவர்களுடைய பேச்சுச் சத்தம் முதலில் வந்தது, பிறகு உருவங்கள் வந்தன. முன்னால் விசில்காரி. பின்னால் கராஜ் ஆட்கள், ஒருவர் பின் ஒருவராய், நரைத்த நிழல்களாய். நான் ஒரு பாறையில் சாய்ந்து, இல்லை என்ற சொல்லை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசி முகமும் வந்தது. அவர் இல்லை.

அவர்களில் ஒரு ஜமேக்கா அம்மா, இவரோடு ஒரே பாதையில் பஸ் ஓட்டுகிறவர், என்னைக் கண்டதும் இடுப்பில் கைவைத்து நின்றார். உன் ஆள் உன்னிடம் வரவில்லையா என்று கேட்டார். முதல் வளைவிலேயே அவன் திரும்பிவிட்டான், பயணியை விட்டுவிட்டு வந்த பஸ் மாதிரி, உன்னைத் தனியே விட ஏலாதென்று உன் பக்கமாக ஓடினானே என்றார். சொல்லிவிட்டுத் தன் சிரிப்பைத் தானே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்படியென்றால் அவர் என் பின்னால் வந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் என்னைப் பிடித்திருக்க வேண்டும். விசில்காரி முகம் மாறி, தலைகளை எண்ணினாள். நீ வந்த வழியில்தானே நாங்கள் இனிப் போகப்போகிறோம், எங்களோடு வா, வழியில் கட்டாயம் இருப்பார் என்றாள்.

திரும்பினேன்.

மலை இடக்கைப் பக்கம் வந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். முதல் அடியிலேயே தெரிந்தது. இடத்தோள் கனத்தது. காலடியில் சாம்பல். மரங்களின் அடி கரி. புகைபோல மேகம். எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பதுபோல இருந்தது. எங்கோ ஒரு முற்றத்தில் ஐயாவைச் சுற்றி இப்படித்தான் ஆட்கள் நடந்திருப்பார்கள். அந்தச் சுற்றில் என் இடம் காலியாக இருந்தது. அதை இங்கே வந்து, யாருமில்லாத ஒரு மலையைச் சுற்றி, நான் நடக்கிறேனா? யாருக்காக நடக்கிறேன்? ஐயாவுக்கா? அந்தக் கேள்வியின் மறுபாதியை நினைக்காமலிருக்க வேகமாக நடந்தேன். பிறகு ஓடினேன். வாழ்நாளில் ஒரு திசையில் போனால் போனதுதான் என்று இருந்தவள், வந்த வழியிலேயே, ஆகாத பக்கமாக, விழுந்து எழும்பி ஓடினேன். கூட்டம் பின்னால் தங்கிவிட்டது. ஓரிடத்தில் ஜீப் போகிற ஒரு அகலமான தடம் பாதையைக் குறுக்கறுத்து மேகத்துக்குள் இறங்கிப் போயிற்று. வரும்போது அதை நான் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. புதிதாக வருகிறவர் இதுதான் பாதை என்று நினைத்திருக்கலாம். அங்கே நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தேன்.

என்னவென்று கூப்பிடுவது?

நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அம்மா ஐயாவைச் சொன்னதில்லை. என் நாக்கும் அப்படியே வளர்ந்தது. பதிவுக் கந்தோரில் ஒருமுறை அவர் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். முழுதாக வெளியே வருவதற்குள் வியர்த்துவிட்டது. வீட்டில் கூப்பிடுவதற்கு, இங்கே பாருங்கோ என்கிற இஞ்சாருங்கோ போதும். குசினிக்கும் அறைக்கும் இடையில் அது எட்டும். ஒரு மலைக்கு அது காணுமா?

"இஞ்சாருங்கோ!"

மேகம் அதை வாங்கி விழுங்கியது.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

பின்னால் கராஜ் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கராஜில் அவரை ஏதோ ஒரு சுருக்கிய பெயரால் கூப்பிடுவார்கள். ஆனால் மனைவி கத்துவதுதான் வீட்டுப் பெயர், அதற்குத்தான் திரும்புவான் என்று நினைத்தார்களோ என்னவோ, அந்த ஜமேக்கா அம்மா இரண்டு கையையும் வாயில் குவித்து "இஞ்சாருங்கோ" என்று ஒரு முழக்கம் விட்டார். பேருந்து நிலையத்தையே அதட்டிப் பழகிய குரல். உடனே மற்றவர்களும். ஐரிஷ்காரர் ஒருவர், ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர், விசில்காரி, எல்லோரும் அந்த எரிந்த காட்டுக்குள் நின்று என் கணவரை, எங்கள் ஊர்ப் பெண்கள் கூப்பிடுகிற மாதிரி, இஞ்சாருங்கோ இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டார்கள். இன்னொரு நாளென்றால் சிரித்தே செத்திருப்பேன். அப்போது நானும் அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன், கன்னம் நனைந்து.

கீழேயிருந்து ஒரு குரல். "ஓம். ஓம். வாறன்."

தடத்தில் இறங்கி ஓடினேன். ஒரு கல்லில் இருந்தார். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், நிறைந்தபடி. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஒரு சப்பாத்தின் அடி வாய் பிளந்து முழுதாகக் கழன்று தொங்கியது. அதைக் கையில் பிடித்து, எப்படிப் பொருத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தடம் பிழை என்று தெரிந்து திரும்பியிருக்கிறார், அதற்குள் இது கழன்றுவிட்டது. வெறுங்காலோடு ஏறப் பார்த்து, கூர்ச்சாம்பல் கிழித்து, மறுபடி இருந்துவிட்டார்.

"என்ன இது, முழு லண்டனும் என்னைப் பேர் சொல்லாமல் கூப்பிடுது?" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில், கல்லில், இருந்தேன்.  கால்கள் எழும்பச் சொல்லவில்லை. அது எனக்குப் புதிது. மேலே நின்றவர்களுக்கு ஆள் சுகம் என்று கையைக் காட்டினேன். விசில்காரி மெதுவாக வரச் சொன்னாள், கோச் நிற்கும் என்றாள். அவர்கள் போன பிறகு, பாண் பொதியைச் சுற்றியிருந்த சீலைத் துண்டைக் கிழித்துச் சப்பாத்தைச் சுற்றிக் கட்டினேன். கட்டும்போது அவர் சொன்னார்:

"நான் திரும்பி வந்தது ஒண்டு சொல்லத்தான். அந்தப் பக்கம் சந்திக்கேக்கை மறுமொழி சொல்லுறன் எண்டனீர். அதுக்கு முதல் சொல்லிப்போடோணும் எண்டு வந்தனான். வீடு வேண்டாமெண்டால் விடுவம். ரொறன்ரோவோ எதுவோ, பெட்டியைக் கட்டும். ஆனால் உம்மைத் தனிய அனுப்பிப்போட்டு மற்றக் கரையிலை காத்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது."

இத்தனை வருடத்தில் அவர் ஒரேயடியாக அவ்வளவு கதைத்ததில்லை.

"வீட்டை எடுப்பம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பயத்திலை சொல்லுறீரோ?"

"ஓம். பயத்திலைதான்."

"அப்ப அது செல்லாது. கீழை போய் ஆறுதலாக் கேக்கிறன்."

எழும்பிப் பாதைக்கு ஏறினோம். அவர் நொண்டினார். அங்கே நின்று, நீர் உம்மடை பக்கத்தாலை சுத்தி முடியும், நான் இப்பிடியே மெள்ளப் போறன், கோச்சடியிலை நிப்பன் என்றார். உண்மையாகவே சொன்னார், பகிடியாக அல்ல. கிட்டத்து வழி இடக்கை வழிதான் என்பது இருவருக்கும் தெரியும். நான் அவருடைய கையைப் பிடித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். மலை அந்தப் பக்கம் இருந்தது. நான் பார்க்கவில்லை. ஒரு மனிதனைத் தாங்கிக்கொண்டு நடக்கும்போது கண் தரையில்தான் இருக்கும். அந்தச் சுற்று ஒரு திசையிலும் முடியவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல் ஒரு பக்கம், அதே தூரம் மறுபக்கம். இன்றைக்கும் அது அங்கே, அந்தத் தீவில், பொருந்தாமல் கிடக்கிறது. சிலநேரம் நினைத்தால் உள்ளங்கால் கூசும்.

கோச்சடியில் எல்லோரும் ஏறி இருந்தார்கள். படியில் கால் வைக்குமுன் அவர் என்னைத் தடுத்து நிறுத்தினார்.

"இப்ப சொல்லும்."

மேகம் கீழே இறங்கிப்போய், மலை முழுதாகத் தெரிந்தது. எனக்கு அப்போதும் ஆசைதான். அந்தக் கோச் எங்களை ஏற்றிக்கொண்டு தங்குமிடம் போகாமல், கடலோரமாகவே, இரவு பகலாக, எங்கும் நிற்காமல் போனால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது. அது ஆறவில்லை. ஆறப்போவதுமில்லை என்றும் தெரிந்தது. ஆனால் ஓடிப்போகிற கால்தான் அன்றைக்குத் திரும்பியும் ஓடியது.

"ஓம்" என்றேன். "எடுப்பம்."

 அவர் ஏறி யன்னலோர இருக்கையை எனக்கு விட்டார். பின்னாலிருந்து அந்த ஜமேக்கா அம்மா, இஞ்சாருங்கோ, இனி உனக்குக் கராஜில் இதுதான் பெயர் என்றார். அவர் ஓய்வுபெறும் வரை அப்படியே நின்றது. பிறந்தநாள் அட்டையில்கூட ஆங்கில எழுத்தில் அதைத்தான் எழுதினார்கள்.

அந்த வீட்டில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள், அங்கேதான் வளர்ந்தார்கள். பாதாள ரயில் வந்து நிற்பதும், எல்லோரும் இறங்குவதும் தெருமுனைக்குக் கேட்காது. நான் மாறிவிட்டேன் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அவர்கள் விருந்தாளிகளாக முன்னறைக்கு மட்டும் வந்து போகிறவர்கள். இலை உதிரும்போது கட்டிலைக் கிழக்குச் சுவருக்குத் தள்ளுவேன். தை பிறந்தால் மேற்குச் சுவருக்கு. சாப்பாட்டு மேசை தோட்டப் பக்கம் போகும், வரும். அலுமாரி ஓர் அறையில் ஒரு வருடம் தங்கியதில்லை. தரையெல்லாம் அதன் கால் இழுத்த கோடு.

இன்றைக்கும் காலையில் அவர் கண்ணாடி போடாமல் எழும்பி வந்து, நேற்று இல்லாத இடத்தில் நின்ற அலுமாரியில் முழங்காலை இடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எங்கை இப்ப யன்னல்?" என்றார்.

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன்.